உஷுவாயா: மலைக்கும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊர் எப்படி இவ்வளவு வளர்ந்தது?

வரைபடப்பித்தன்

தூக்கம் வராத ராத்திரிகளில் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஊர் ஊராகச் சுற்றுவது என் பழக்கம். நேற்று அர்ஜென்டினாவின் வால்நுனியில் போய் நின்றேன், உஷுவாயா. தெற்கே பீகிள் கால்வாய் (பேர்தான் கால்வாய், யாரும் வெட்டியதில்லை, இயற்கையான நீரிணை), வடக்கே எடுத்த எடுப்பிலேயே மலை, இரண்டுக்கும் நடுவில் வேட்டிக்கரை மாதிரி ஒரு பட்டை நிலம், அதில் ஊர். பட்டை போதாமல் கூரைகள் காட்டுக்குள் ஏறிப்போயிருக்கின்றன.

கணக்கைத் தேடினேன். 1970ல் 6,000 பேர் கூட இல்லை. 1980ல் சுமார் 11,000, 1991ல் 29,000, 2001ல் 45,000, 2010ல் 57,000, 2022 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 80,000. ஆண்டு சராசரி வெப்பம் 6 டிகிரியைத் தொடாத ஊரில் ஐம்பது வருடத்தில் பதிமூன்று பதினான்கு மடங்கு! ‘உலகத்தின் கடைக்கோடி’ என்று பலகை வைத்துச் சுற்றுலா நடத்துகிறார்கள், அது தெரியும். ஆனால் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க வருகிறவன் நாலு நாளில் கிளம்பிவிடுவான். குடியேறுகிறவன் யார், எதற்கு?

கடல்காகம்

தம்பி, நான் அங்கே போயிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, நாலு சீசன். அண்டார்டிகா போகிற பயணிகள் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. பத்து நாள் பயணம் முடிந்து காலையில் உஷுவாயா துறையில் கட்டுவோம், பழைய பயணிகள் இறங்குவார்கள், சாயங்காலம் புதுப் பயணிகள் ஏறுவார்கள், நடுவில் எங்களுக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த மூன்று மணி நேரத்தில் நான் பார்த்த ஊர் இது:

துறையிலிருந்து வெளியே வந்தால் கடலோரமாக மைப்பூ தெரு. அதைத் தாண்டினால் சான் மார்ட்டின், கடைத்தெரு, சாக்லேட், குளிர் ஜாக்கெட், தொட்டிக்குள் உயிரோடு செந்தோயா நண்டு. இதுவரை சமதளம் மாதிரி. அதற்கு மேல் கடலுக்கு இணையாகப் போகிற தெருவெல்லாம் நேராக இருக்கும், குறுக்குத் தெருவெல்லாம் ஏணி. சில இடத்தில் ரோடே கிடையாது, படிக்கட்டுதான். நாலு தெரு ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும், நான் எஞ்சின் ரூம் ஏணியில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவன், எனக்கே. குளிர்காலத்தில் அந்தச் சரிவில் ஐஸ் பிடித்தால் ஆணி பதித்த டயர் இல்லாமல் வண்டி நிற்காது என்று துறையில் லாரி ஓட்டுகிறவர் ஒருவர் சொன்னார்.

அப்புறம், அது ‘உஷுவாயா’ இல்லை, அங்கே ‘உசுவாயா’ என்றுதான் சொல்கிறார்கள். சரி, நம் ஆட்கள் எழுதுகிறபடியே இருக்கட்டும்.

ஓய்வுபெற்றவாத்தியார்

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். அது ஸ்பானியப் பெயரே இல்லை, யாமானா மக்களின் சொல். உள்ளே போகிற விரிகுடா, கோடியில் இருக்கிற விரிகுடா என்று விதவிதமாகப் பொருள் சொல்வார்கள். அந்தக் கால்வாயில் தோணிக்குள்ளேயே நெருப்பு வைத்துக்கொண்டு ஆறாயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர்கள் அவர்கள். தின்று போட்ட சிப்பி ஓடுகள் குவிந்து மேடான இடங்கள் லாப்பத்தாயாவில் (ஊருக்குப் பக்கத்து விரிகுடா) இன்னும் இருக்கின்றன, மேலே புல் முளைத்துவிட்டது, அவ்வளவுதான்.

1869ல் ஆங்கிலிக்கன் மிஷனைச் சேர்ந்த வெய்ட் ஸ்டெர்லிங் வந்தார், 1871ல் தாமஸ் பிரிட்ஜஸ் குடும்பத்தோடு குடியேறினார். இந்த பிரிட்ஜஸ் யாமானா மொழிக்கு ஒரு அகராதி தொகுத்தார், சுமார் 32,000 சொற்கள். 1884 அக்டோபர் 12ஆம் தேதி லாசேர் என்கிற கடற்படை அதிகாரி வந்து அர்ஜென்டினாக் கொடி ஏற்றினார், அதைத்தான் ஊர் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்தச் சமயத்திலேயே தட்டம்மை பரவி யாமானா மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள், கிறிஸ்டினா கால்டெரோன் என்கிற பாட்டி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் சிலியில் 2022 பிப்ரவரியில் காலமானார். அகராதி இருக்கிறது.

கொடி ஏற்றியாயிற்று, ஆள் வேண்டுமே? யாரும் வரவில்லை. அரசு கைதிகளை அனுப்பியது. 1902ல் கல் கட்டடம் எழும்ப ஆரம்பித்தது, கட்டியதும் கைதிகளே. ஒரு நடுக்கூடம், அதிலிருந்து விசிறி மாதிரி ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 76 அறைகள். ஊருக்கு ரொட்டி, மின்சாரம், அச்சகம், தீயணைப்பு எல்லாம் சிறையிலிருந்துதான் வந்தது. ஊருக்குள் ஒரு சிறை இருந்தது என்று சொல்வதைவிடச் சிறைக்கு ஒட்டாக ஒரு ஊர் இருந்தது என்பதுதான் சரி.

குறுக்குச்சால்

வாத்தியார் ஐயா கோவித்துக்கொள்ளக் கூடாது. பித்தன் கேட்டது வளர்ச்சி. நீங்கள் சொன்ன சிறையை 1947ல் அதிபர் பெரோன் மூடிவிட்டார். மூடுகிற வருடக் கணக்கெடுப்பில் ஊரில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். அரை நூற்றாண்டு சிறை நடத்தி இரண்டாயிரம்! எனவே சிறை ஊரை வளர்க்கவில்லை, ஊர் செத்துப்போகாமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். இப்போது அது அருங்காட்சியகம், டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள், இன்றைக்குத்தான் அந்தச் சிறையால் ஊருக்கு நல்ல வருமானம் என்று நினைக்கிறேன்.

கடல்காகம்

@குறுக்குச்சால் சிறை ரயிலை விட்டுவிட்டீர்களே. கைதிகளைக் காட்டுக்கு விறகு வெட்ட ஏற்றிப்போன குட்டி ரயில், அதே தடத்தில் ஒரு பகுதியில் 1994லிருந்து சுற்றுலா ரயில் ஓட்டுகிறார்கள். நான் ஒரு தடவை கப்பல் கோளாறாகி ஒரு நாள் கூடுதலாக நின்றபோது போனேன். வழியில் ஒரு பெரிய வெட்டவெளி, முழுக்க வெட்டின மரத்தின் அடிக்கட்டைகள். நூறு வருடம் ஆகியும் குளிரில் மக்கவில்லை, வெள்ளி மாதிரி வெளுத்து நிற்கிறது. சில கட்டை கணுக்கால் உயரம், சில கட்டை இடுப்பு உயரம். ஏன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், வழிகாட்டிப் பெண் சொன்னாள்: தாழ வெட்டினது கோடையில், உயர வெட்டினது குளிர்காலத்தில், பனி அவ்வளவு உயரம் கிடந்திருக்கிறது, அதன் மேல் நின்று வெட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டேன்.

செம்பருத்தி

நான் நகரத் திட்டமிடல் படித்தவள், இந்த ஊரை வகுப்பில் ஒரு உதாரணமாக எடுத்துப் பேசியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பித்தன் கொடுத்த எண்களை மறுபடி பாருங்கள். 1980லிருந்து 1991க்குள் 11,000 பேர் 29,000 ஆகியிருக்கிறார்கள். பிறப்பினால் மட்டும் அப்படி ஆகாது, வெளியிலிருந்து ஆள் வந்து இறங்கியிருக்கிறார்கள். இறக்கியது ஒரு சட்டம், 1972ல் இராணுவ ஆட்சி கொண்டுவந்த 19640ஆம் எண் சட்டம். உஷுவாயா இருக்கிற தியர்ரா தெல் ஃபுவேகோ தீவில் தொழில் செய்தால் வரிகள் கிடையாது, உதிரி பாகங்களை இறக்குமதி செய்தால் சுங்கம் கிடையாது. உடனே தொலைக்காட்சி, ஆடியோ சாதனங்கள், பின்னாளில் ஏசி, கைபேசி எல்லாம் அங்கே பாகம் சேர்த்துப் பூட்ட ஆரம்பித்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஆசியாவிலிருந்து பாகம் கப்பலில் உலகத்தின் கோடிக்கு வருகிறது, அங்கே பூட்டுகிறார்கள், பூட்டின பொருளை லாரியில் ஏற்றி 3,000 கிலோமீட்டர் வடக்கே புவெனஸ் ஐரெஸுக்கு அனுப்புகிறார்கள். அந்த லாரி வழியில் சிலி நாட்டுக்குள் புகுந்து, மகெல்லன் நீரிணையைப் படகில் கடந்து, மறுபடி அர்ஜென்டினாவுக்குள் வர வேண்டும். சந்தைக் கணக்கில் எந்த வியாபாரியும் இப்படிச் செய்யமாட்டான்.

அரசு ஏன் செய்ய வைத்தது? சிலியை நினைத்துப் பயம். எல்லையில் ஆள் இல்லாவிட்டால் நிலம் போய்விடும் என்கிற பயம். அது சும்மா பயமும் இல்லை, 1978 டிசம்பரில் பீகிள் கால்வாயின் வாயில் இருக்கிற மூன்று தீவுகளுக்காக இரண்டு நாடும் போர் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பு வரை போய், போப்பாண்டவர் நடுவில் வந்து நிறுத்தினார், 1984ல்தான் ஒப்பந்தம். ஆகவே கொடி, சிறை, வரிச்சலுகை, மூன்றும் ஒரே வேலைக்குத்தான். ஆளைக் கொண்டுவந்து வை. வாத்தியார் சொன்னதும் குறுக்குச்சால் சொன்னதும் என் கணக்கில் ஒரே கதை.

நடுவில் ஒரு குட்டி முயற்சியும் உண்டு. 1948ல் இத்தாலியிலிருந்து ஒரு கப்பல், சுமார் 600 பேர், கொத்தனார், தச்சர், அவர்கள் குடும்பம். சிறை மூடி மறு வருடம். ஊரின் பழைய கட்டடங்கள் பலவற்றில் அவர்கள் கை இருக்கிறது.

ராத்திரிப்பறவை

வரிச்சலுகைக்காக இவ்வளவு குளிரைத் தாங்குவார்களா? எங்கள் ஆபீசில் ஏசியை 22 வைத்தாலே சண்டை.

செம்பருத்தி

வரிச்சலுகை முதலாளிக்கு. வேலைக்காரருக்கு நல்ல சம்பளம். வந்தவர்களில் நிறையப் பேர் வடக்கே சால்த்தா, ஹூஹூய் மாதிரி வெயில் மாகாணத்துக்காரர்கள், பொலிவியா, பராகுவேக்காரர்களும் உண்டு. சம்பளம் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. நிலமே இல்லையே! சமதளம் பாதி அரசு, கடற்படை, பழைய விமான தளம். பள்ளத்தாக்கில் காலி இடம் தெரியும், இறங்கினால் துர்பா, அதாவது பாசி ஆயிரக்கணக்கான வருடமாகப் படிந்து ஊறிப்போன சதுப்பு, பஞ்சு மாதிரி, அஸ்திவாரம் நிற்காது. மிச்சம் இருப்பது மலைச்சரிவுக் காடு. அங்கே ஏறிப்போய் லெங்கா மரங்களுக்கு நடுவே கட்டிக்கொண்டார்கள். பட்டா கிடையாது, குழாய் கிடையாது. பித்தன் வரைபடத்தில் பார்த்த ‘காட்டுக்குள் ஏறின கூரை’ அதுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் சறுக்கு வீடு. இடம் சொந்தம் இல்லை, நாளைக்கு எழுந்து போ என்றால் போக வேண்டும். அதனால் மரச்சட்ட வீட்டை அஸ்திவாரத்தின் மேல் கட்டாமல் இரண்டு தடித்த மரத்தண்டுகளின் மேல், பனிச்சறுக்கு வண்டி மாதிரி, கட்டிக்கொண்டார்கள். இடம் கிடைத்ததும் டிராக்டரில் சங்கிலி போட்டு வீட்டையே இழுத்துக்கொண்டு போவது. ஜன்னல் திரை, அடுப்புப் புகைக்குழாய் எல்லாம் அப்படியே இருக்கும்.

கடல்காகம்

அம்மா, நான் இதைப் பார்த்திருக்கிறேன்! இது என்ன என்று தெரியாமலே பார்த்திருக்கிறேன். மேல் தெரு ஒன்றில் வெளிர் மஞ்சள் தகர வீடு, வாசலில் படி இல்லாமல் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், கீழே குனிந்தால் வீட்டுக்கு அடியில் ஒரு நாய் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போகிறது. அடியில் இரண்டு பெரிய தண்டு, முனை இரண்டும் படகு மூக்கு மாதிரி மேல்நோக்கிச் செதுக்கியிருந்தது. வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வரைபடப்பித்தன்

இழை எங்கேயோ போய்விட்டது, சந்தோஷம். ஒரு சந்தேகம். வெய்யில் வேண்டும் என்றால் கால்வாயின் தெற்குக் கரையில் அல்லவா ஊர் வைத்திருக்க வேண்டும்? தெற்கு அரைக்கோளத்தில் சூரியன் வடக்கே நிற்கும். இவர்கள் மலைக்குத் தெற்கே, நிழல் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்களே.

ஓய்வுபெற்றவாத்தியார்

நல்ல கேள்வி, இந்த ஒரு கேள்விக்காகவே உங்களை முதல் பெஞ்சில் உட்கார வைப்பேன்.

ஆண்டீஸ் மலை வடக்கு-தெற்காக ஓடுவது என்றுதான் பாடத்தில் படிப்போம். கடைசியில் தியர்ரா தெல் ஃபுவேகோவில் அது கிழக்கே திரும்பிப் படுத்துக்கொள்கிறது. உஷுவாயா அந்தப் படுத்த மலைக்குத் தெற்கே. அதாவது தரைவழியில் மற்ற அர்ஜென்டினாவிலிருந்து அந்த ஊருக்குப் போக ஆண்டீஸைத் தாண்ட வேண்டும், 3ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கரிபால்தி கணவாய் வழியாகத் தாண்டுகிறது, பிறகு லாப்பத்தாயா விரிகுடாவில் ஒரு மரப்பலகையோடு முடிந்துவிடுகிறது. ஊருக்குப் பின்னால் மார்ஷியல் மலை, கிழக்கே ஒலிவியா சிகரம், 1,300 மீட்டருக்கு மேல், கத்திமுனை மாதிரி.

ஊர் இருப்பது தென் அட்சம் 54 டிகிரி 48 நிமிடம். ஜூன் 21 அன்று நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 12 டிகிரி கூட வராது. பகலே சுமார் ஏழு மணி நேரம். அதிலும் வடக்கே மலை மறைக்கும். டிசம்பரில் பதினேழு மணி நேரத்துக்கு மேல் பகல், அது வேறு கதை.

நிழல் பக்கம் ஏன் என்றால், எல்லை அப்படி விழுந்தது. தெற்குக் கரை சிலியின் நவரினோ தீவு. அங்கே 1953ல் சிலி நிறுவிய புவெர்த்தோ வில்லியம்ஸ் வடக்கு பார்த்து, வெய்யில் முகமாக உட்கார்ந்திருக்கிறது. ஆள் சுமார் இரண்டாயிரம்.

குறுக்குச்சால்

புவெர்த்தோ வில்லியம்ஸ் என்று வாயைத் திறந்தீர்களே, இனி சண்டைதான். அது உஷுவாயாவைவிடத் தெற்கே. 2019ல் சிலி அதை ‘நகரம்’ என்று அறிவித்துவிட்டது. அப்படியானால் ‘உலகின் தென்கோடி நகரம்’ என்று சட்டை, சாவிக்கொத்து, பாஸ்போர்ட் முத்திரை வரை போட்டு விற்கிற உஷுவாயா இனி என்ன செய்யும்?

கடல்காகம்

ஒன்றும் செய்யாது, விற்றுக்கொண்டேதான் இருக்கும். ‘உலகத்தின் முடிவு’ என்று ஒரு பக்கம், ‘எல்லாவற்றின் ஆரம்பம்’ என்று இன்னொரு பக்கம், இரண்டு வாசகமும் அவர்களிடம் தயாராக இருக்கிறது. நான் சொல்கிறேன், இரண்டாயிரம் பேர் இருக்கிற இடத்தை நகரம் என்பது சிலிக்காரர்கள் குறும்பு.

குறுக்குச்சால்

1947ல் உஷுவாயாவிலும் அதே இரண்டாயிரம்தானே அண்ணே?

கடல்காகம்

...சரி, டீ குடித்துவிட்டு வருகிறேன்.

ராத்திரிப்பறவை

நீர்நாய் மாதிரி ஒன்று அங்கே மரத்தையெல்லாம் தின்கிறது என்று எங்கோ படித்தேனே, உண்மையா?

ஓய்வுபெற்றவாத்தியார்

நீர்நாய் இல்லை, பீவர், கொறிக்கிற இனம். 1946ல் கனடாவிலிருந்து பத்து ஜோடி கொண்டுவந்து ஃபக்னானோ ஏரிப் பக்கம் விட்டார்கள், தோல் வியாபாரத்துக்கு. அங்கே அதைத் தின்ன ஓநாயும் இல்லை, கரடியும் இல்லை. இன்றைக்கு லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். கனடா மரம் கடித்தால் திரும்பத் தளிர்க்கும், லெங்கா தளிர்க்காது. அணை கட்டித் தேக்கின தண்ணீரில் காடே நின்றபடி சாகிறது. ஆளைக் குடியேற்ற அரசுக்கு நூறு வருடம் பிடித்தது, பீவருக்கு வரிச்சலுகை தேவைப்படவில்லை.

வரைபடப்பித்தன்

ஹா ஹா. இப்போது ஊரைத் தாங்குவது தொழிற்சாலையா, சுற்றுலாவா?

செம்பருத்தி

தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை வடக்கே, அதே தீவிலுள்ள ரியோ கிராந்தே ஊரில். உஷுவாயாவில் கொஞ்சம். இங்கே மாகாணத் தலைநகரம் என்பதால் (1990ல் தியர்ரா தெல் ஃபுவேகோ மாகாணமானது) அரசு வேலை நிறைய, கடற்படை இருக்கிறது, அதன் மேல் சுற்றுலா. ஆனால் தொழிற்சாலை ஆடினால் மாகாணமே ஆடும். 2025 மே மாதம் கைபேசி இறக்குமதி வரியை 16 சதவீதத்திலிருந்து 8 ஆக்கி, 2026 ஜனவரியில் பூஜ்யமாக்குவதாக அரசு அறிவித்ததும் மாகாணத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. வரி போய்விட்டால் அங்கே பூட்ட யாருக்கு என்ன தேவை?

குறுக்குச்சால்

நியாயமாகப் பார்த்தால், வடக்கே இருக்கிற ஒரு சாதாரண அர்ஜென்டினாக்காரன் இருமடங்கு விலை கொடுத்துக் கைபேசி வாங்கித்தானே இந்த ஊரை நாற்பது ஐம்பது வருடம் காப்பாற்றினான்? அவன் பக்கமும் பேச ஆள் வேண்டாமா?

செம்பருத்தி

வேண்டும்தான். இருமடங்கு என்பது எல்லாப் பொருளுக்கும் எல்லா வருடத்துக்கும் பொருந்தாது, ஆனால் அவன் கூடுதலாகக் கொடுத்தான் என்பதில் சண்டை இல்லை. சொல்லப்போனால் அது எல்லைக் காவல் செலவு, இராணுவக் கணக்கில் எழுதாமல் கைபேசி விலையில் எழுதிவிட்டார்கள். என் கவலை வேறு. ஊரை வா வா என்று அழைத்த அதே கை கதவை மூடினால், சால்த்தாவிலிருந்து வந்து சரிவில் வீடு கட்டி அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் எங்கே போவார்கள்? அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் சொந்த ஊர்.

கடல்காகம்

டீ முடிந்தது. சுற்றுலா பக்கத்தை நான் சொல்கிறேன். அண்டார்டிகாத் தீபகற்பம் அங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர், டிரேக் கடலைத் தாண்ட இரண்டு நாள். அண்டார்டிகா போகிற சுற்றுலாக் கப்பலில் பத்துக்கு ஒன்பது இங்கிருந்துதான் கிளம்புகிறது. சீசனுக்கு ஒரு லட்சம் பயணிகளுக்கு மேல். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை மட்டும். துறை ஒன்றே ஒன்று, சில நாள் இடம் கிடைக்காமல் கால்வாயில் நங்கூரம் போட்டுக் காத்திருப்போம். பயணி இறங்கினதும் நேரே விமானத்துக்குப் போகிறவன் பாதி. 1995ல் கடலுக்குள் நீட்டின மாதிரி ஒரு தீபகற்பத்தில் புது விமான நிலையம் கட்டினதால்தான் இவ்வளவு பேர் வர முடிகிறது, இல்லாவிட்டால் இந்த ஓட்டமே கிடையாது.

இதனால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. வாடகை வீடெல்லாம் பயணி தங்குகிற வீடாகிவிட்டது. நான் வழக்கமாகக் காபி குடிக்கிற கடையில் பரிமாறுகிற பையன் சொன்னான், டிசம்பரில் அவன் வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொல்லிவிடுவார், மார்ச்சில் மறுபடி வா என்பார். நடுவில் அவனும் இரண்டு நண்பர்களும் மேலே காட்டுச் சரிவில் ஒருவருடைய கொட்டகையில். தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு ஏறணும். ஊருக்குத் தண்ணீர் தருகிற ஓடை பக்கத்திலேயே ஓடுகிறது, குழாய்தான் இல்லை.

ஓய்வுபெற்றவாத்தியார்

அந்த ஓடைகளில் ஒன்றுக்கு மார்ஷியல் பனியாறுதான் தலை. பனியாறு வருடா வருடம் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆள் கூடுகிறது, பனி குறைகிறது. நிலநடுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மகெல்லன்-ஃபக்னானோ பிளவு ஊருக்கு வடக்கே ஏரியின் நீளத்துக்கு ஓடுகிறது, 1949 டிசம்பரில் ரிக்டர் 7க்கு மேல் ஆட்டியது. அப்போது ஊரில் ஆளும் குறைவு, சரிவில் வீடும் இல்லை. 2025 மே 2ஆம் தேதி டிரேக் கடலில் 7.4, ஊரில் நன்றாகத் தெரிந்தது, படகுகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள், சேதம் பெரிதாக இல்லை.

ராத்திரிப்பறவை

நிலநடுக்கம் வந்தால் சறுக்கு வீடு அப்படியே சறுக்கிக் கடலுக்கு வந்துவிடுமா?

செம்பருத்தி

சிரிப்பாக இருக்கிறது, ஆனால் மரவீடு கல்வீட்டைவிட நன்றாகவே தாங்கும். பயம் வீட்டைப் பற்றி இல்லை, மரத்தை வெட்டின சரிவைப் பற்றி. வேர் போனால் மண்ணைப் பிடிக்க ஒன்றும் இல்லை. இப்போது ஊர் விரிகிற பக்கம் அந்தோரா பள்ளத்தாக்கு, மலைக்குப் பின்னால் மடங்கிப் போகிற இடம், பாதி துர்பா, பாதி காடு. முதலில் ஆட்கள் போய் உட்கார்ந்தார்கள், பிறகுதான் நகராட்சி தெரு போட ஆரம்பித்தது. அங்கே எப்போதுமே அந்த வரிசைதான்.

வரைபடப்பித்தன்

இப்போதுதான் அந்தோராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மண் ரோடு, அதன் இரண்டு பக்கமும் நீலம், பச்சை, செங்கல் நிறத் தகரக் கூரைகள், அப்புறம் திடீரென்று பழுப்பாக ஒரு வெட்டவெளி, துர்பாவாக இருக்க வேண்டும், அதைச் சுற்றிக்கொண்டு ரோடு வளைகிறது. ஒரு கூரை மட்டும் ரோட்டுக்குக் குறுக்கே கோணலாகக் கிடக்கிறது. பழைய படத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்த இடத்தில் அது இல்லை.

@கடல்காகம் அண்ணா, அடுத்த சீசன் போனால் இதையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

கடல்காகம்

மூன்று மணி நேரத்தில் அந்தோரா போய்த் திரும்ப முடியாது தம்பி. கப்பல் மறுபடி கோளாறானால் பார்க்கிறேன்.